கடலுக்குப் போகாத தண்ணீர்

அரக்கோணம்
9.8.1999

ஷாலு அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் இடம் குறைவு. இருந்தாலும் அக்காவும் மாமாவும் முகம் சுளிக்கவில்லை. தெருமுனை பூத்துக்கு போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் சண்டையைத் திருவொற்றியூர் முழுக்க ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, மிச்சத்தையும் கேட்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். ஆனால் நீங்கள் வாசலில் நின்று, "தனிக்குட்த்தனம் போவணும்னா நேரா கேளு, எங்கப்பா வெட்டுன கெணத்து மேல ஏன் பழி போட்ற?" என்று கேட்டீர்களே, அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குக் கை வரவில்லை. ஷாலுவின் முழங்கையிலும் கழுத்திலும் இருந்த சொறி இங்கே வந்ததும் காய ஆரம்பித்திருக்கிறது. மருந்து அதேதான், தண்ணீர் மட்டும்தான் வேறு.

கிணற்றில் மண்ணெண்ணெய் வாசம் வருகிறது என்று நான் சொன்னது பொய் இல்லை. ஸ்டவ் பற்றவைத்த கையோடு முகர்ந்திருப்பேன் என்றீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எத்தனையோ தடவை முகர்ந்து பார்த்தவள் நான். அத்தையும் ஒன்றுமில்லை என்கிறார், நீங்களும் ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஒரு வீட்டில் ஒருத்திக்கு மட்டும் எப்படி வாசம் வரும்? இந்தக் கேள்வி உங்களைவிட என்னைத்தான் அதிகம் படுத்துகிறது.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். காலையில் வெயில் ஏறியதும் ஒரு வாளித் தண்ணீரை மாடிக்கு எடுத்துப் போய்ச் சாய்வாக நின்று பாருங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

பூமாரி


திருவொற்றியூர்
18.8.1999

பூமாரிக்கு எத்திராஜ் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஷாலுவுக்குச் சொறி ஆறுவது கேட்டுச் சந்தோஷம். மற்ற விஷயங்களில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

குழாயில் தண்ணீர் வராத வருஷங்களில் பாதித் தெரு நம் கிணற்றில்தான் இறைத்தது. ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. அம்மா இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறாள். "எனுக்கு இன்னா ஆச்சு? கல்லு மாரி கீறேன்" என்கிறாள். நீ போனதில் அவளுக்கு மனசு சரியில்லை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், உனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி வாளியை மாடிக்கு எடுத்துப் போனேன். உனக்காக இல்லை, உன் வாயை அடைப்பதற்காக. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மேல் மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடியது. ராட்டினத்துக்குப் போன மாதம் நான்தான் எண்ணெய் போட்டேன், அதுதான் சொட்டியிருக்கும் என்று நினைத்தேன். வாளியைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, புதுக் கயிறு வாங்கி, ராட்டினத்தில் மாட்டாமல் கையாலேயே இழுத்தேன். மறுபடியும் அதே நிறம்.

முகர்ந்தும் பார்த்தேன். சத்தியமாக எந்த வாசமும் இல்லை.

நிறம் மட்டும் எப்படி வரும் என்று புரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் ஷாலு எப்படி இருக்கிறாள் என்று எழுது.

எத்திராஜ்


அரக்கோணம்
25.8.1999

ஷாலு அப்பாவுக்கு,

மயில் கழுத்து நிறம் என்று நீங்களே உங்கள் கையால் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அக்காவிடமும் காட்டினேன். கோபப்படாதீர்கள்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். எண்ணெய் மேலே மட்டும் மிதக்கிறதா, அடி வரைக்கும் கலந்திருக்கிறதா? மேலே மட்டும் என்றால் விலக்கிவிட்டு அடியில் மொள்ளலாமே? இதற்கு ஒரு வழி யோசித்தேன். ஷாலுவின் இருமல் மருந்து பாட்டில் இரண்டு பரண்மேல் இருக்கின்றன. நன்றாகக் கழுவி, ஒன்றின் கழுத்தில் கல்லைக் கட்டுங்கள். வாயைத் தக்கையால் லேசாக மூடி, தக்கைக்குத் தனி நூல். பாட்டிலை அடிவரை இறக்கிவிட்டு நூலை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழன்று அடித்தண்ணீர் மட்டும் உள்ளே போகும். இன்னொன்றில் மேல்தண்ணீரை நிரப்புங்கள். மாமாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் யோசிக்கிற, ஆனா நூலு சிக்கிக்கும், ரெண்டு ஆளா செய்யச் சொல்லு" என்றார்.

உங்கள் சிநேகிதர் லியோனார்ட் அண்ணனை, ஹார்பர் வேலை இல்லாத நாளில் துணைக்குக் கூப்பிடுங்கள். அடுத்த தெருவில் அவர் வீட்டுக் கிணற்றிலும் இதே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முக்கியமாக, யாரும் பீடி பிடித்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது.

ஷாலு இங்கே ரயில் எண்ணக் கற்றுக்கொண்டாள். சரக்கு ரயில் வந்தால் பாதியில் கணக்கு விட்டுப் போகிறது, அழுகிறாள்.

பூமாரி


திருவொற்றியூர்
6.9.1999

பூமாரி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு இன்லண்ட் லெட்டரைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லியோனார்ட் பூசை முடிந்து வந்தான். நீ சொன்னபடியே இறக்கினோம். முதல் தடவை நூல் சிக்கியது, உன் மாமா சொன்னது சரி. இரண்டாவது தடவை தக்கை கழன்றது, குமிழி வந்தது. இரண்டு பாட்டிலையும் கிணற்றுச் சுவர்மேல் வைத்துப் பார்த்தோம். மேல்தண்ணீர் பாட்டிலில் கழுத்தருகே மெல்லிசாக ஆடை மாதிரி நின்றது. அடித்தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. பார்த்தாயா, அடியில் நல்ல தண்ணீர் என்று அவனிடம் சொன்னேன்.

லியோனார்ட் மேல்தண்ணீர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனவன் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். "யப்பா! மண்ணெண்ண இல்லடா, டீசலு. ஆர்பர்ல கிரேன் பக்கத்துல நின்னா வர்ற அதே வாசன." அப்புறம் அடித்தண்ணீர். "இதுலயும் கீது. கம்மியா கீது, ஆனா கீது."

நான் வாங்கி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாபா, நெசமாவே உனுக்குத் தெர்லியா?" உள்ளே போய் அம்மாவின் கற்பூர டப்பாவை எடுத்து வந்தேன். ஒன்றுமில்லை. வெங்காயத்தை நசுக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வேறொன்றும் இல்லை. லியோனார்ட் ஓடிப்போய் அவன் வீட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்தான். கையில் பிடித்துக்கொண்டு நின்றேன் பூமாரி. மரத்துண்டு மாதிரி இருந்தது.

பெயின்ட் கம்பெனியில் நான் தின்னர் கலக்கும் பிரிவில் எத்தனை வருஷமாக நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் காலையில் போயிருந்தால் கவனித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

அம்மா மட்டும் ஏன் இல்லை என்றாள் என்று லியோனார்ட் கேட்டான். அம்மா அந்த நேரம் திண்டுமேல் உட்கார்ந்து மூக்குப்பொடி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். "இன்னாங்கடா மொறைக்கிறீங்க?" என்றாள். லியோனார்ட் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடித்தண்ணீரையும் குடிப்பதை நிறுத்திவிட்டோம். லியோனார்ட் கிணற்றில் வாசம் இல்லை. அங்கிருந்து எடுத்து வருகிறேன்.

எத்திராஜ்


அரக்கோணம்
13.9.1999

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பயந்துபோய், "யாருக்கு என்னாச்சுடி?" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவில்லை. பழையதெல்லாம் வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. பால் தீய்ந்து கருகியபோது நீங்கள் அடுப்புப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்காக உங்களை எவ்வளவு திட்டினேன்! போன வருஷம் எலி செத்துக் கிடந்த அலமாரியைத் திறந்து சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். வேண்டுமென்றே என்னை வெறுப்பேற்றுகிறீர்கள் என்று நினைத்தேன்.

இப்போது என் பயம் எல்லாம் கம்பெனியைப் பற்றித்தான். அங்கே டிரம் கசிந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் எவனாவது ஒயரை உரசிப் பொறி பறந்தால்? டாக்டரைப் பாருங்கள். பிரிவை மாற்றிக் கேளுங்கள். இந்த விஷயத்தில் என்னோடு வாதாட வேண்டாம்.

அடுத்து, டீசல் எங்கிருந்து வருகிறது? கிணற்றில் யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள், ஊற்றினால் ஒருநாளில் தெரிந்திருக்கும். நான் அங்கே ஆறு மாதமாக முகர்ந்தேன், கூடிக்கொண்டேதான் வந்தது. அப்படியென்றால் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கத்தில் மண்ணுக்குள் டீசல் வைத்திருப்பவர் யார்? எனக்குத் தெரிந்து பீச் ரோடு பக்கம் இருக்கிற லாரி ஷெட் ஒன்றுதான். வேறு யாராவது உண்டா?

பூமாரி


திருவொற்றியூர்
22.9.1999

பூமாரி,

டாக்டரைப் பார்த்தேன். இனியும் அங்கே நின்றால் நிச்சயம் திரும்பாது, விலகினால் கொஞ்சம் திரும்பினாலும் திரும்பலாம் என்றார். பிரிவு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "மூக்குக்கெல்லாமா லீவு?" என்றார். லீவு இல்லை சார், இடமாற்றம் என்றேன்.

ஷெட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் உச்சிமாகாளி நமக்குப் பழக்கமானவர்தானே, ஷாலுவைப் பார்த்தால் மிட்டாய் கொடுப்பாரே, அவர்தான் காட்டினார். முற்றத்துக்குக் கீழே இரும்புத்தொட்டி புதைத்திருக்கிறார்கள். மேலே மூடி மட்டும்தான் தெரிகிறது. "டீசல் கொறையுதுன்னு மொதலாளி ரெண்டு டிரைவர வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு தம்பி. திருடுதானுவன்னு சொல்லுதாரு. நானும் கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுக்கிட்டுத்தான் காவல் காக்கேன், ஒருத்தனும் எடுத்துப் பாக்கல" என்றார்.

முதலாளியிடம் பக்குவமாகத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உன் வூடு எங்க கீது, என் ஷெட்டு எங்க கீது? ஷெட்டு கடலாண்ட. உன் வூடு மேக்கால. தண்ணி கடலுக்குத்தான் போவும். கடல்லருந்து உன் வூட்டுக்கு ஏறியா வரும்? கொயந்தைக்குக்கூடத் தெரியும்பா."

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மழை பெய்தால் தெருத்தண்ணீர் நம் வாசலைத் தாண்டி ஷெட் பக்கம்தான் ஓடுகிறது. அதைக் கண்ணால் பார்க்கிறோமே.

தெருவிலும் இரண்டு பேர் வந்து, சும்மா கிளறாதே, தண்ணீர் கெட்டுப்போன தெரு என்று பேர் வந்தால் யார் குடி வருவார்கள் என்கிறார்கள். தண்ணீர் ஆபீசில் மனு கொடுத்தேன். ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போனார்கள், இன்னும் பதிலில்லை.

இதோடு நின்றுவிட்டது. உனக்கு வழி தெரிந்தால் சொல்.

எத்திராஜ்


அரக்கோணம்
29.9.1999

உங்களுக்கு,

முதலாளியின் கேள்வி எனக்கும் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சரியான கேள்விதான். ஆனால் அவர் தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீருக்குத் தெருவும் தெரியாது, கடல் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போகும்?

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கத்திரித் தோட்டம் இருக்கிறது. நேற்று அங்கே இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. ஒருவர் மோட்டார் போட்டால் மற்றவர் கிணறு இறங்கிவிடுகிறதாம். வேலியில் நின்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா, "ஊர் சண்டைய என்னடி வாயப் பொளந்து பாக்குற?" என்றாள். எனக்கு நம் ஐஸ் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது.

காசிமேட்டு மீனுக்கெல்லாம் அங்கேதானே ஐஸ் அடிக்கிறார்கள்? போன வருஷம் பெரிய போர் போட்டார்கள், அதிர்வில் நம் வீட்டு ஜன்னல் கூடக் கடகடவென்றது. ராத்திரி பகலாக மோட்டார் ஓடுகிறது. அது நமக்கு மேற்கே. ஷெட் நமக்குக் கிழக்கே. நாம் நடுவில். அவர்கள் இழுக்கிற இழுப்பில் மண்ணுக்குள் அந்தப் பக்கம் பள்ளமாகிவிட்டால், தண்ணீர் கடலை விட்டுவிட்டு அங்கே போகாதா? போகிற வழியில் ஷெட் டீசலையும் கூட்டிக்கொண்டு நம் கிணற்றைத் தாண்டாதா? லியோனார்ட் அண்ணன் வீடு இந்த வழியில் இல்லை, ஒதுங்கி இருக்கிறது.

இது வெறும் என் யோசனைதான், தப்பாகவும் இருக்கலாம். ஷெட் பக்கம், நம் வீடு, ஐஸ் கம்பெனி பக்கம் என்று மூன்று கிணற்றில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் தரை ஒரே மட்டமாக இல்லையே, எப்படி அளப்பது? இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

பூமாரி

(ஷாலு உங்களுக்கு ஒரு கிணறு வரைந்திருக்கிறாள். கிணற்றுக்கு ஏன் மூக்கு போட்டிருக்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)


திருவொற்றியூர்
12.10.1999

பூமாரி,

அளந்துவிட்டோம்!

தரை மட்டமில்லை என்று நீ எழுதியதைக் கம்பெனிப் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். எண்ணூர் ரோட்டில் ஒரு கட்டடத்தில் கொத்தனார் இரண்டு பேர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு தூரமானாலும் டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை வைத்துத்தான் அவர்கள் சுவரில் கோடு போடுகிறார்கள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் கேட்டேன். கொத்தனார், "வூடு கட்றியா?" என்றார். கிணறு பார்க்கிறேன் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஒரு முனை லியோனார்ட் கையில், ஒரு முனை என் கையில். ஷெட்டில் லாரி கழுவுகிற கிணற்றில் ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே நம் கிணற்றுக்கு வந்து, அப்படியே ஐஸ் கம்பெனிக்கு முன்னால் இருக்கிற டெய்லர் வீட்டுக் கிணறு வரை போனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. நீ சொன்னதை நம்பாத அதே ஆட்கள், "டியூபுல காத்து பூந்துக்கப் போவுது, பாத்து" என்று யோசனை சொன்னார்கள். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டிலிருந்து கீழே கல் கட்டிய கயிறு விட்டு அளந்தோம். ஷெட் கிணற்றில் தண்ணீர் மேலே. நம் கிணற்றில் நாலு விரல் கீழே. டெய்லர் கிணற்றில் அதற்கும் ஒரு முழம் கீழே! தெரு கடலைப் பார்த்துச் சரிகிறது, அதற்குக் கீழே தண்ணீர் ஐஸ் கம்பெனியைப் பார்த்துச் சரிகிறது. லியோனார்ட் கயிற்றைப் பிடித்தபடியே, "மாமு, நம்ம காலாண்டயே ஒரு தெரு தலகீழா போவுதுடா" என்றான்.

இன்னொன்றும் கேள். நேற்று பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, ஐஸ் கம்பெனி மோட்டாரும் நின்றது. சாயங்காலம் டெய்லர் கிணற்றை அளந்தால் தண்ணீர் ஏறியிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "டியூபப் புட்ச்சிகினு வந்து எனுக்கே பாடம் எட்க்கிறியா?" என்று விரட்டிவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது போதுமாக இருந்தது.

இத்தனை வருஷமாக அந்தக் கிணற்றில் இறைக்கிறேன், அதில் இருப்பது எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற தண்ணீர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அப்பா வெட்டியதால் தண்ணீரும் அப்பாவுடையது என்று நினைத்திருக்கிறேன்.

எத்திராஜ்


திருவொற்றியூர்
2.12.1999

அன்புள்ள பூமாரி,

உன் கடிதம் வரும் என்று பார்த்தேன், ஒன்றரை மாதமாக இல்லை. மழையில் தபால் தாமதமோ என்னவோ. அதற்குள் பெரிய செய்தி.

இரண்டு வாரம் விடாமல் பெய்ததில் கிணறெல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி ஏறிவிட்டது. போன வாரம் ஷெட் லாரிகளில் மூன்று, மணலி ரோட்டில் வரிசையாக நின்றுவிட்டன. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தால் டீசலில் தண்ணீர். ஷெட் தொட்டியிலிருந்து வேறு லாரிக்கு ஊற்றினால் அதுவும் நின்றுவிட்டது. உச்சிமாகாளிதான் முதலாளியிடம் சொன்னாராம்: "தொட்டியில ஓட்டை இருக்கு மொதலாளி. கோடையில டீசல் வெளிய போச்சு, இப்பம் தண்ணி உள்ள வருது. அந்தத் தம்பி சொன்னது சரிதான்."

தொட்டியை வெளியே எடுத்தார்கள். தெருவே போய்ப் பார்த்தது. ஒரு பக்கம் துருப்பிடித்து அரித்து, விரல் போகிற அளவுக்கு ஓட்டைகள். சுற்றிலும் மண் கருப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. முதலாளி குழி ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து, "டிரைவருங்க ரெண்டு பேரையும் கூப்ட்டு உட்ருக்கேன்" என்றார். கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் தண்ணீர் ஆபீஸ்காரர்கள் வந்தபோது மறைக்காமல் காட்டினார். கருப்பு மண்ணை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். நம் கிணறு தெளிய வருஷக்கணக்கில் ஆகுமாம். மூடி போட்டு, யாரும் இறைக்க வேண்டாம் என்று நானே பெயின்டில் எழுதினேன்.

பிரிவு மாற்றிவிட்டார்கள். இப்போது டின் அடுக்கும் இடத்தில் இருக்கிறேன்.

நீ சொன்னது எல்லாம் சரியாகிவிட்டது பூமாரி. இனி நீ வருவதற்கு என்ன தடை? நீ வரும்போது சிரமம் இருக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பழைய கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஆழமாகப் போர் போடப் போகிறேன். மேல்மண் கெட்டதைத் தாண்டிக் கீழே போய்விட்டால் நல்ல தண்ணீர் என்று போர் வண்டிக்காரர் சொல்கிறார். பதினைந்தாம் தேதி வண்டி வருகிறது. புதுத் தண்ணீரில் பொங்கல் வைக்கலாம்.

எத்திராஜ்


அரக்கோணம்
8.12.1999

உங்களுக்கு,

தபால் தாமதம் இல்லை. நான்தான் எழுதவில்லை.

நீங்கள் டியூப் பிடித்து அளந்ததை எழுதியிருந்தீர்களே, அதை அக்கா, மாமா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

வாளியைப் பார்த்து நம்பினீர்கள். பாட்டிலைப் பார்த்து நம்பினீர்கள். லியோனார்ட் அண்ணன் முகர்ந்ததும் நம்பினீர்கள். கயிறு, டியூப், கடைசியில் ஓட்டைத் தொட்டி. எல்லாம் சரிதான், கிணற்றை அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் கிணறு இல்லையே. முதல் நாள் நான் சொன்னபோது, வாசம் வருகிறதோ இல்லையோ, இவள் ஏன் பொய் சொல்லப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? உங்கள் மூக்கு போனது உங்கள் குற்றமில்லை. இதற்கு மூக்கு தேவையில்லை.

நான் வராமல் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. வந்த பிறகு இதை மனசில் வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ண முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

போர் போட வேண்டாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் என்னால் அளந்து காட்ட முடியாது. வண்டிக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. கெட்ட மண்ணுக்கு நடுவில் ஓட்டை போட்டுக் கீழே போனால், மேலே இருப்பது அந்த ஓட்டை வழியாகக் கீழேயும் இறங்காதா என்று ஒரு பயம், அவ்வளவுதான். நான் நினைப்பது தப்பாகவே இருக்கலாம்.

லியோனார்ட் அண்ணன் கிணற்றை மாதம் ஒருமுறையாவது யாராவது முகர்ந்து பார்க்க வேண்டும். ஐஸ் கம்பெனி இழுப்பது நிற்கவில்லை.

பூமாரி


திருவொற்றியூர்
13.12.1999

பூமாரி,

போர் வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே போய்ச் சொன்னேன். வண்டிக்காரர், "இன்னா காரணம்?" என்றார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றேன். "அவங்களுக்கு இதப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லியோனார்டிடம் கேட்கவில்லை. டியூபை எடுக்கவில்லை. எதையும் அளக்கவில்லை.

அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவ வேணாம்னா வேணாம். நீ போயி கூட்டியா" என்றாள். நீ என்னோடு திரும்பி வந்தாலும், வராமலே இருந்தாலும், சனிக்கிழமை நான் அரக்கோணம் வருகிறேன். பேச வேண்டியதை நேரில் பேசு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

எத்திராஜ்